மிசியிடம் கேளுங்கள்: சீ.ஆர். கொப்பிக்கு யார் காசு தருவார்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணீரையும் காசையும் பற்றியவை. புரட்டாதி வெயிலில் வன்னியில் வேறு எதைப் பற்றி எழுதுவார்கள்! நான் திட்ட அதிகாரி இல்லை. 31 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக, முதலில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்தவள். புரொபோசல் எழுதிப் பழக்கமில்லை. எழுதியவர்கள் போன பிறகு ஊரில் என்ன மிஞ்சியது என்பதை மட்டும் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த அளவில் இந்தப் பதில்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றின் ஆள் வந்தார். சமூகமே முன்னின்று செய்யும் காலநிலை வேலைக்கும் 'சுகாதார சமத்துவத்துக்கும்' உதவி தருவார்களாம். ஐந்து பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். எங்களுக்கு அந்தச் சொல்லே விளங்கவில்லை. என்ன எழுதுவது மிசி?
*செயலாளர், ஒட்டுசுட்டான் பிரிவு*

தங்கச்சி, அந்தச் சொல் உங்களுக்கு விளங்காமல் இல்லை. அந்தப் பெயரில் கேள்விப்படவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் விதானையார் பிரிவில் இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருத்தியின் வீடு றோட்டுக்கரையில், கட்டுக்கிணறு வளவுக்குள்ளேயே. மற்றவளின் வீடு கடைசி வாய்க்காலுக்கும் அங்கால், காட்டுக்கரைக் குடியேற்றத்தில். ஆவணியில் இரண்டு பேருக்கும் ஒரே வெயில்தான். முதலாமவள் கிளினிக்குக்குக் காலை ஒன்பது மணிக்கு வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். இரண்டாமவள் பவுசருக்குக் காத்திருந்து, இரண்டு கான் தண்ணீரை வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வருவாள். நாங்கள் மேசையைத் துடைத்துக்கொண்டிருப்போம். "ஏன் பிந்தினாய்?" என்று நானே ஏசியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த மூன்று மணித்தியால வித்தியாசம் இருக்கிறதே, அதைக் குறைப்பதற்குத்தான் அவர்கள் சுகாதார சமத்துவம் என்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் ஆளுக்கொரு வாளி கொடுப்பது அதுவல்ல. இரண்டாமவளின் ஒழுங்கைக்கு முதலில் போவதுதான் அது.

ஆகவே உருகும் பனிமலை, உயரும் கடல் என்றெல்லாம் எங்கோ பார்த்துப் பிரதி பண்ணாதீர்கள். வந்தவருக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியாதது உங்கள் ஊர். எந்தக் கிணறு எந்த மாதம் அடி தெரிகிறது, பவுசர் எத்தனை நாள் வந்தது, எத்தனை நாள் வருவதாகச் சொல்லி வரவில்லை, வெள்ளத்தில் எந்தெந்த மலசலகூடக் குழி நிரம்பியது, அதற்குப் பிறகு எத்தனை வீட்டில் வயிற்றோட்டம். நாளைக்கே நூற்றறுபது பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி எழுதத் தொடங்குங்கள். கிணற்று மட்டத்தை மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளக்க, படிக்கிற பிள்ளை ஒன்று போதும்.

கொப்பி என்று நான் ஏன் அடம்பிடிக்கிறேன் என்றால், 2018 டிசெம்பர் 21 இரவு. கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆட்களுக்கு அந்தத் திகதி மறக்காது. விடிய விடிய மழை, இரணைமடு நிறைந்து கதவுகளைத் திறந்தார்கள், கீழே கண்டாவளைப் பக்கம் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. என் பிரிவில் மாதம் நிறைந்த தாய்மார் மூன்று பேர். போன் வேலை செய்யவில்லை. ஆனால் அங்கேயிருந்த மாதர் சங்கத் தலைவி, முன்பள்ளி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு கொப்பித் தாளை ஒட்டி வைத்திருந்தார்: எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி, எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் ஆள், யாரிடம் உழவு இயந்திரம், அதற்கு இழுவைப் பெட்டி பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது வரை. உழவு இயந்திரக்காரத் தம்பி அந்தத் தாளைப் பார்த்துத்தான் வீடு வீடாகப் போனான். ஒருத்தி கிளினிக் அட்டையைச் சொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்தபடி பெட்டியில் ஏறினாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை. அந்தத் தாளுக்கு எந்த என்.ஜி.ஓவும் காசு தரவில்லை. தரச் சொல்லிக் கேட்டிருந்தாலும் 'இதில் என்ன இருக்கிறது' என்றுதான் கேட்டிருப்பார்கள்.

இந்த முறை கேளுங்கள். தலைவியின் போன் செலவு, பட்டியலை மாதா மாதம் திருத்தும் பெண்ணுக்கு ஒரு சிறு கொடுப்பனவு, உழவு இயந்திரத்துக்கு அவசர டீசல். இதையும் புரொபோசலில் ஒரு வரியாகப் போடுங்கள். கட்டடம் கேட்டால்தான் தருவார்கள் என்று பயப்பட வேண்டாம். 2021 ஜனவரியில், உள்ளூர் தலைமையில் நடக்கும் காலநிலை வேலைக்கென்று எட்டுக் கொள்கைகள் உலக அளவில் வெளியிடப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்ட அமைப்புகளும் அரசுகளும் அதை ஏற்றிருக்கின்றன. முடிவெடுக்கும் அதிகாரம் ஆகக் கீழ்மட்டத்துக்குப் போக வேண்டும் என்பது அதில் ஒன்று. பொறுமையாக, நம்பியிருக்கக்கூடிய விதமாகப் பல வருடத்துக்குக் காசு தர வேண்டும் என்பது இன்னொன்று. வந்தவரிடம் சும்மா கேட்டுப் பாருங்கள்: "ஐயா, உங்கள் நிறுவனமும் அதில் கையெழுத்து வைத்ததா?" கோபிக்க மாட்டார். கோபித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஐந்து பக்கத்தை நிரப்ப வேண்டாம். மூன்று போதும்.

கேள்வி: நாங்கள் கனடாவில் இருக்கும் ஊர்ச் சங்கம். கோடை விழாவில் சேர்த்த காசில் ஊருக்கு ஆர்ஓ மெஷின் (குடிநீரை வடிகட்டும் இயந்திரம்) ஒன்று போட்டுக் கொடுக்க முடிவெடுத்திருக்கிறோம். ஊரில் சிறுநீரக நோய் கூடுகிறதாம். சரியான முடிவுதானே?
*ரொறன்ரோ வாசகர், சொந்த ஊர் வவுனியா வடக்கு*

'முடிவெடுத்துவிட்டோம், சரிதானே' என்று கேட்கிறீர்கள். தம்பி, முடிவெடுக்க முன்னம் எழுதியிருக்கலாம். பரவாயில்லை.

முதலில் நோயைப் பற்றி. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டுகொள்ளப்பட்டது. அந்த எல்லையில் இருக்கும் வவுனியாவும் தப்பவில்லை. பெயரிலேயே 'காரணம் தெரியாத' என்று இருக்கிறது பாருங்கள். கடின நீர், புளோரைட், வயலுக்கு அடிக்கும் மருந்து, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று பலதைச் சந்தேகிக்கிறார்கள். ஒன்றைத்தான் காரணம் என்று இன்னும் நிறுவவில்லை. நல்ல தண்ணீர் கொடுப்பதில் தவறே இல்லை. ஆனால் மெஷின் போட்டதும் நோய் நின்றுவிடும் என்று திறப்பு விழாவில் மைக்கில் சொல்லாதீர்கள்.

இனி மெஷின். ஆர்ஓ புளோரைட்டை எடுக்கும், உவர்ப்பையும் கல்லுத்தன்மையையும் எடுக்கும். (கொதிக்க வைத்தால் போய்விடும் என்று அம்மாமார் நினைக்கிறார்கள். கிருமி சாகும், புளோரைட் போகாது. தண்ணீர் ஆவியாகிப் போக, மிஞ்சியதில் இன்னும் செறியும்.) எடுத்த உப்பு எங்கே போகும்? ஒரு லீற்றர் நல்ல தண்ணீருக்கு ஏறத்தாழ இன்னொரு லீற்றர் உப்புக் கூடிய கழிவாக வரும். சின்ன மெஷின்களில் அதைவிடக் கூட. அதை எங்கே விடுவது என்று யோசிக்காமல், அதே கிணற்றடியில் விட்ட ஒரு இடத்தை நானே பார்த்திருக்கிறேன். எந்த ஊர், யார் போட்டது என்று சொல்லப்போவதில்லை. நல்ல மனதோடுதான் போட்டார்கள். திறப்பு விழாவுக்கு நாதஸ்வரம் வந்தது. மெம்பிரேன் என்ற வடிகட்டி இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டியது. அந்த வருடம் வந்தபோது சங்கக் கணக்கில் காசு இல்லை, கரண்ட் பில்லும் நிலுவை. இப்போது அறை பூட்டியிருக்கிறது. வாசலில் கச்சான் காயப் போடுகிறார்கள்.

அதனால் முதலில் செய்ய வேண்டியது தண்ணீரைச் சோதிப்பது. நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுக்கலாம். புளோரைட் லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வெயில் நாட்டில் நாங்கள் கூடத் தண்ணீர் குடிப்பதால் இலங்கைத் தரம் 1.0 என்று இன்னும் இறுக்கமாக வைத்திருக்கிறது. ஒரே ஊருக்குள் நூறு யார் தள்ளிய இரண்டு கிணறு இரண்டு விதமாக இருக்கும். நல்ல கிணறு ஒன்று அகப்பட்டால் மெஷினே தேவையில்லை, குழாய் இழுத்தால் போதும்.

அகப்படாவிட்டால் மழை இருக்கிறது. கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்ட வீடு 550 சதுர அடி, ஏறத்தாழ 50 சதுர மீற்றர். மாரியில் 600 மில்லிமீற்றர் என்று குறைத்தே பிடிப்போம். 30,000 லீற்றர் வருகிறது. கூரையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் பீலி போட்டு, அதிலும் ஐந்தில் ஒன்று வீணாகிறது என்றாலும் 12,000 லீற்றர். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர். 8,000 லீற்றர்த் தொட்டி ஒன்று நிறைந்தால் 400 நாள். அடுத்த மாரியும் வந்துவிடும். சீமெந்தும் கோழிக்கம்பி வலையும் வைத்துக் கட்டும் அந்தத் தொட்டியை ஊர் மேசன்மாரே பழகிக் கட்டுவார்கள். பழுதானால் கொழும்பிலிருந்து ஆள் வரத் தேவையில்லை. முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் கூரையைக் கழுவவிட வேண்டும், அவ்வளவுதான் வித்தை.

இன்னொன்றையும் சொல்கிறேன், சங்கத்தில் யாருக்கும் பிடிக்காமல் போகலாம். ஏற்கனவே நோய் வந்தவர்களை நினைத்தீர்களா? இரத்தச் சுத்திகரிப்புக்குக் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே சிகிச்சை இலவசம். பஸ் இலவசம் இல்லை. கூட்டிப் போகும் மகன் அன்றைக்குக் கூலி வேலைக்குப் போக முடியாது. என் பழைய பிரிவில் ஒரு ஐயா, மகனின் நாட்கூலி போகிறதே என்று இடைக்கிடை 'இன்றைக்குச் சுகமாக இருக்கிறது' என்று பொய் சொல்லிப் போகாமல் இருப்பார். கால் வீங்கிய பிறகுதான் பிடிபட்டது. பத்து நோயாளரின் ஆட்டோக் காசை இரண்டு வருடத்துக்குச் சங்கம் பொறுப்பெடுத்தால், அதில் பெயர்ப்பலகை போட இடமிருக்காது. ஆனால் ஐயா பொய் சொல்ல மாட்டார்.

அப்புறம், மெஷினோ தொட்டியோ, ஊர்க் கூட்டத்தில் பெண்கள் இருக்கும்போது முடிவெடுங்கள். தண்ணீர் அள்ளுகிறவர்கள் அவர்கள். ஆண்கள் மட்டும் கூடிய கூட்டத்தில் மெஷினைச் சந்தியில் வைப்பார்கள், தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில்.

கேள்வி: காலநிலைக்கென்று உலகத்தில் கோடிக்கணக்கில் காசு ஓடுகிறதாமே. எங்கள் கமக்கார அமைப்பு ஒரு சின்னக் குளத்தைப் பார்க்கிறது. துருசு (தண்ணீர் திறக்கும் மதகு) ஒழுகுகிறது, குளக்கட்டு ஓரிடத்தில் உடைந்திருக்கிறது. அந்தக் காசு ஏன் எங்களிடம் வருவதில்லை? அதோடு, இது சுகாதாரப் பகுதியில் கேட்கிற கேள்விதானா?
*நெடுங்கேணி வாசகர்*

கேட்கலாம். குளம் வற்றினால் கிணறு வற்றும், கிணறு வற்றினால் என் கிளினிக்கில் தெரியும்.

காசு வரும் வழி நீளம். பசுமைக் காலநிலை நிதியம் என்று ஒன்று 2010 இல் தொடங்கப்பட்டது. தலைமையகம் தென்கொரியாவில் சொங்டோ என்ற நகரில். அதனிடம் நேரே விண்ணப்பிக்க உங்கள் அமைப்பால் முடியாது. அது அங்கீகரித்த நிறுவனம் ஒன்றின் ஊடாகத்தான் போக வேண்டும். இலங்கை வறண்ட வலயத்துச் சிறு குளங்களுக்கும் குடிநீருக்கும் அப்படி ஒருமுறை ஏறத்தாழ 38 மில்லியன் டொலர் வந்தது, ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக. அது மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயாப் படுகைகளுக்கு. மல்வத்து ஓயா என்பது வேறொன்றுமில்லை, நாங்கள் அருவியாறு என்கிறோமே அதுதான். மேலே சொங்டோவில் எடுக்கும் முடிவு கீழே உங்கள் வட்ட விதானையின் காதுக்கு வர எத்தனை மேசை தாண்ட வேண்டும் என்று யோசியுங்கள். லண்டனில் உள்ள ஒரு சுற்றாடல் ஆய்வு நிறுவனம் 2017 இல் கணக்குப் பார்த்தது. 2003 முதல் 2016 வரை சர்வதேசக் காலநிலை நிதியங்கள் கொடுத்ததில் உள்ளூர் மட்டத்துக்குப் போனது 10 சதவீதத்துக்கும் குறைவு. வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் நிறையத்தான் ஓடுகிறது. கடைமடைக்கு வருவதில்லை. இது உங்களுக்கு நான் சொல்லித்தரும் விஷயமா!

உங்களுக்கு எட்டும் உயரத்தில் இருப்பது உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டம். 1992 இல் இருந்து நடக்கிறது. ஊர் அமைப்புகளுக்கு நேரடியாகவே கொடுப்பது அதன் நோக்கம். நீண்ட காலம் ஒரு மானியத்தின் உச்சவரம்பு 50,000 டொலர். துருசுக்கு அது போதும், மிஞ்சும். தனியார் அறக்கட்டளைகளும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் நடந்த காலநிலை மாநாட்டில் 35க்கு மேற்பட்ட அறக்கட்டளைகள் சேர்ந்து, காலநிலையால் வரும் சுகாதாரப் பிரச்சினைகளுக்கு 300 மில்லியன் டொலர் தருவதாகச் சொல்லின. உலகம் முழுவதுக்கும் அது. பங்கிட்டால் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள், நான் உற்சாகத்தைக் கெடுக்கவில்லை.

சுகாதாரம் என்று காசு வருவதால் உங்கள் குளத்தையும் அந்தக் கண்ணால் காட்டலாம். 2024 டிசெம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் வந்து ஆட்கள் இறந்தார்கள். வயலில் கால் வைப்பவனுக்கு வரும் நோய் அது. உடைந்த குளக்கட்டால் வரம்பு தாண்டி நிற்கும் தண்ணீரில், காலில் வெடிப்போடு நிற்கிறீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் கிழமைக்கு ஒருமுறை போட டொக்சிசைக்கிளின் குளிசை தருவார்கள், சுகாதாரப் பரிசோதகர் ஐயாவே கொண்டுவந்தும் கொடுப்பார். குளம் திருத்தும் திட்டத்திலேயே அந்தக் குளிசை விநியோகத்தையும், சூடடிக்கும் களத்தில் நிழல் கொட்டிலையும், தண்ணீர்க் குடத்தையும் சேர்த்து எழுதுங்கள். குடமா என்று சிரிக்காதீர்கள். பத்து மணி வெயிலுக்குப் பிறகு நீங்கள் குடிப்பது வெறும் தேத்தண்ணியும் சோடாவும்தான் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: இதெல்லாம் போட்டோ எடுக்கத்தானே மிசி?
*கிளிநொச்சி வாசகர் (பெயர் வேண்டாமாம்)*

பாதி அப்படித்தான். மற்றப் பாதிக்காகத்தான் போட்டோவுக்கு நின்று சிரிக்கிறோம். ஒரு பிள்ளையை நிறுக்கும் போது தராசையும் என்னையும் ஏழு தரம் எடுத்தார்கள், பிள்ளை அழுது நிறை பிழைத்துவிட்டது. அதற்குப் பிறகு நான் ஒரு விதி வைத்தேன்: முதலில் நிறுவை, பிறகு படம். தாய் 'வேண்டாம்' என்றால் படமே இல்லை. உங்கள் சங்கமும் வைக்கலாம். தராமல் போய்விடுவார்களோ என்ற பயத்தில் நாங்கள்தான் தலையாட்டிப் பழகிவிட்டோம்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு மழைநீர்த் தொட்டி தருகிறார்கள். அம்மம்மா, 'நுளம்பு பெருகும், வேண்டாம்' என்கிறா. அப்பா வேண்டும் என்கிறார். யார் சரி?
*பத்தாம் ஆண்டு மாணவி, மடுப் பக்கம்*

இரண்டு பேரும், பிள்ளை. அம்மம்மா சொல்வதைப் பழைய கதை என்று தள்ளாதே. வன்னியில் மலேரியா இல்லாத வீடு இல்லை என்றிருந்த காலத்தை அவ கண்டவ. குயினீன் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கும். 2012 இற்குப் பிறகு மலேரியா இந்த நாட்டுக்குள் தொடர்ந்து பரவவில்லை, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது. ஆனால் அதே காலத்தில்தான் உங்கள் மன்னாரில் புதிதாக ஒரு நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். அனோபிலிஸ் ஸ்டீபென்சை என்று பெயர். மற்ற மலேரியா நுளம்புகளைப் போல் ஆறு, குட்டை என்று தேடாது. கிணற்றிலும் வீட்டுத் தொட்டியிலும் நன்றாகவே முட்டையிடும். டெங்கு நுளம்பு எப்படியும் தொட்டிக்காரி.

அதனால் தொட்டியை எடுங்கள், ஆனால் மூடி இல்லாமல் எடுக்காதீர்கள். தண்ணீர் உள்ளே போகும் வாய், நிரம்பி வெளியே வரும் குழாய் இரண்டுக்கும் நுளம்பு வலை கேட்டு வாங்குங்கள். திட்டத்தில் வலை இல்லை என்றால் கையெழுத்து வைக்க முன்னம் அப்பா கேட்கட்டும். பீலியில் வேப்பஞ்சருகு தேங்கினால் அங்கேயும் முட்டையிடும். மழைக்கு முன்னம் ஒருதரம், மாரியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒருதரம், ஏணி வைத்து அதை வழிக்க வேண்டும். அது உன் வேலை. அம்மம்மாவை வலை கிழிந்திருக்கிறதா என்று பார்க்கவிடு, அவவின் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.